பேரன் வாங்கிவிட்டான், நான் உட்கார்ந்தே இருந்துவிட்டேன்: மெதடிஸ்ட் திருவிருந்துக்குப் போகலாமா?

கேள்வி: நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). மகளோடு தங்க அமெரிக்கா வந்திருக்கிறேன். இங்கே பக்கத்தில் யுனைட்டட் மெதடிஸ்ட் சபைதான். போன மாதத் திருவிருந்தில் (இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனை) எல்லோரும் வரிசையாகப் போய் அப்பத்தைத் திராட்சச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) ஆகாத ஆறு வயதுப் பேரனும் வாங்கிவிட்டான்! எனக்குச் சம்பந்தியோடு மனத்தாங்கல், அதனால் நான் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த முறை போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. பேரன் செய்ததும் தப்பில்லை. நம் ஊரில் திடப்படுத்தல் முடிந்துதான் திருவிருந்து என்று பழகிவிட்டோம், அங்கே அந்த நிபந்தனை கிடையாது, அங்கத்தினராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கிறிஸ்துவை நேசித்து, பாவத்துக்கு மனம் வருந்தி, ஒருவரோடொருவர் சமாதானமாக வாழ நாடுகிற எல்லோரையும் அவரே அழைக்கிறார் என்று ஆராதனையிலேயே சொல்லுவார்கள், அடுத்த தடவை கவனித்துக் கேளுங்கள். 'நாடுகிற' என்றுதான் வருகிறது, எல்லாச் சண்டையையும் தீர்த்துவிட்டு வா என்று இல்லை. சம்பந்திக்கு ஒரு போன் போட மனது இருந்தால் அதுவே நாடுவதுதான்.

'அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினை', அதாவது தகுதியில்லாமல் சாப்பிட்டால் தண்டனை, என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய வசனத்துக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் நம்மிடம் நிறைய. இதே சாக்கை, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் கேட்டிருக்கிறார், ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்காக எழுதி 1787-ல் அச்சிட்ட பிரசங்கத்தில் பதிலும் சொல்லியிருக்கிறார். கொரிந்து சபையில் ஒருவன் பசியோடு கிடக்க இன்னொருவன் வெறித்துக் கிடந்தானே, அந்த ஒழுங்கீனத்தைத்தான் பவுல் சொன்னார், தகுதியில்லை என்று நினைக்கிறவனை விலக்க அல்ல. வெஸ்லிக்குத் திருவிருந்து என்பது நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசு இல்லை, கிருபை வந்து சேரும் வழி. விசுவாசம் இல்லாதவனுக்கும் அங்கே அது பிறக்கலாம் என்று நம்பினார். அவருடைய அம்மா சூசன்னாவையே பாருங்கள். ஆயுசெல்லாம் பக்தியாக இருந்தவர், ஆனால் 1739-ல், எழுபது வயதில், மருமகன் பாத்திரத்தைக் கொடுத்து 'உனக்காகச் சிந்தப்பட்ட இரத்தம்' என்று சொன்ன நொடியில்தான் தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் வந்தது என்றார்.

வெஸ்லி நாலைந்து நாளுக்கு ஒருமுறை வாங்கினவர், 1784-ல் அமெரிக்கச் சபைகளுக்கும் வாராவாரம் கொடுக்கச் சொன்னார். ஆனால் அபிஷேகம் பெற்ற போதகர்கள் அங்கே கொஞ்சப் பேர், குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரமுடிந்தது. திருவிருந்து அபூர்வமானது அப்படித்தான், இப்போது பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு.

அப்புறம், மதுவுக்குப் பதிலாக வைக்கும் அந்தச் சாறு. மதுவிலக்கில் மெதடிஸ்டுகள் தீவிரமாக இருந்த காலம், நியூ ஜெர்சியின் வைன்லேண்டில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், அவரும் மெதடிஸ்ட்தான், 1869-ல் திராட்சச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்தார், சபையின் மேசைக்காகவே. கடையில் இன்றும் வெல்ச் பாட்டில் இருக்கிறது, மகளிடம் கேளுங்கள். நமக்கு இதில் குழப்பமே வரக்கூடாது, நாம் சொல்லும் 'திராட்சரசம்' என்ற சொல்லே மது, சாறு இரண்டுக்கும் பொருந்தும்!

போகும்போது ஒரு கைமேல் இன்னொரு கையை ஏந்தியபடி வைத்துக்கொள்ளுங்கள், அப்பத்தை நாமாகப் பிட்டு எடுப்பதில்லை, கொடுப்பார்கள். பாத்திரத்தில் நுனி நனைந்தால் போதும், விரல் படவேண்டாம். 'ஆமென்' சொன்னால் சரி. திருவிருந்து மேசைக்கு முன்னால் உள்ள கம்பியோரம் முழங்காலிட்டு ஜெபிக்க ஆசையென்றால் ஜெபிக்கலாம், முட்டிவலி என்றால் நேராக இருக்கைக்குத் திரும்பலாம், ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.