சுண்ணாம்பா, சிமென்ட்டா: ஒரு குழுச் சண்டை தணிந்த விதம்

ஒரே திட்டத்தில் பணிபுரிபவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழும்போது சூடாகாமல் தீர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் பழைய வீடுகளைச் செப்பனிடும் பணிகளை ஒருங்கிணைப்பது என் தொழில். வைசியாள் வீதிக்கு அருகே, திண்ணையும் முற்றமும் உள்ள ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவ்வீட்டுச் சுவர்களில் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. சிமென்ட் பூசலாம் என்றார் பொறியாளர். சுண்ணாம்புக் கலவையே வேண்டும் என்றார் மேஸ்திரி. சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கற்சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். மேஸ்திரி சொன்னதே சரி என்பதை நானும் அறிவேன். அந்தத் தைரியத்தில்தான் எல்லோர் முன்னிலையிலும் பொறியாளரிடம், "நீங்கள் சொல்வது தவறு, சார்" என்று முடித்துவிட்டேன். அடுத்த நான்கு நாள்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுவரைப் பற்றிய பேச்சே இல்லை. யார் யாரை எப்படிப் பேசினார் என்பதே பேச்சாயிற்று.

ஐந்தாம் நாள் இருவரையும் முற்றத்தில் உட்காரவைத்து, அடுத்தவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை அவரே தலையசைத்து ஒப்பும்வரை மற்றவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மேஸ்திரிக்கு மூன்று முறை தேவைப்பட்டது. பொறியாளருக்குச் சிமென்ட்மீது தனிப் பற்று ஏதுமில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லத்தான் இறுகும் என்பதால், ஐப்பசி மழைக்குள் வேலை முடியாதே என்பதே அவர் அச்சம். கடற்கரைச் சாலையிலிருந்த, பிரெஞ்சுக் கால நகர மன்றமான பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை அவர் மறக்கவில்லை. மேஸ்திரிக்கோ, பின்னாளில் பூச்சு பெயர்ந்தால் பழி தம் தலையில்தான் விழும் என்ற கவலை.

ஆக, சண்டை பொருளைப் பற்றியதே அன்று, நாள்காட்டியைப் பற்றியது. மழை நேராக அடிக்கும் சுவர்களை முதலில் சுண்ணாம்பில் முடித்துத் தார்ப்பாய் கட்டுவது, உட்சுவர்களைத் தை மாதத்துக்குத் தள்ளுவது, பிற்காலத்தில் சிமென்ட்டிலேயே கட்டப்பட்ட பின்கட்டுச் சுவருக்குச் சிமென்ட்டே பூசுவது என்று அரை மணி நேரத்தில் முடிவாயிற்று. முடிவுகளைக் காரணத்தோடு தளத்து நோட்டில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அதன்பின் அந்தப் பேச்சு மீண்டும் கிளம்பவில்லை. (திண்ணைத் தூணின் வண்ணத்தில் இன்றும் அவர்கள் ஒத்துப்போகவில்லை, அதை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டோம்.)

இம்முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அதே வீட்டின் மெட்ராஸ் டெரஸ் கூரையில் (மர உத்திரங்கள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டும் பழைய வகைக் கூரை) ஒரு உத்திரம் உளுத்திருந்ததைக் கண்ட அன்று, நான் யாருடைய கருத்தையும் கேட்கவில்லை. பொறியாளர் சொன்னபடி ஆட்களை வெளியேற்றி, முட்டுக் கொடுத்த பிறகுதான் பேச உட்கார்ந்தோம்.