படகைக் கரையேற்றுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மட்டக்குளி): எங்கள் 32 அடி பைபர் படகின் அடியில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அதைத் தாங்கும் டிரெயிலர் எங்களிடம் இல்லை. களனி கங்கைக் கரையில் தென்னங்குற்றி போட்டு லொறியால் இழுத்துவிடலாம் என்கிறார்கள். சரிவருமா?

பதில்: குற்றியில் குறையில்லை, லொறிதான் வேண்டாம். முதலில் எடையைக் கணக்கிடுங்கள். நீர்மட்டத்தில் நீளம் 9 மீற்றர், அகலம் 2.8 மீற்றர், நீருக்குள் அமிழும் சராசரி ஆழம் 0.7 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி, இந்த வகை அடிப்பாகத்துக்கு 0.45ஆல் மறுபடி பெருக்கினால் ஏறத்தாழ 8 வரும். அதாவது 8 தொன். டீசல், தண்ணீர், ஐஸ், வலை எல்லாவற்றையும் முதல் நாளே இறக்குங்கள். 1,000 லீற்றர் டீசல் மட்டுமே 800 கிலோவுக்கு மேல்.

அடுத்தது இழுவிசை. 12 அடிக்கு 1 அடி உயரும் சாய்வில், சாய்வுக்காக மட்டும் 670 கிலோ வேண்டும். தரையில் விரித்த பலகைமேல், படகின் கீழே உருளும் குழாய்க்கு உராய்வாக இன்னும் 400 கிலோ சேர்த்தால் மொத்தம் 1.1 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. முதல் அசைவுக்கு அதன் இரு மடங்கு, 2 தொன், பிடிக்கும். உருளை இல்லாமல் மணலில் இழுத்தால் 5 தொன்னையும் தாண்டும். ஈரக் கரையில் வெற்று லொறியின் சில்லு சுழலுமே தவிர, அவ்வளவு இழுவை கிடைக்காது. பிடித்தாலும் வெடுக்கென்று இழுக்கும், நிறுத்தினால் படகு பின்னால் வழுகும். 3 தொன் செயின் புளொக்கோ கை வின்ச்சோ (சங்கிலியை அல்லது கம்பியைக் கையால் இழுக்கும் கருவிகள்) மெதுவாக இழுக்கும், விட்ட இடத்திலேயே பிடித்தும் நிற்கும். செயின் புளொக்கின் சங்கிலி வழக்கமாக 3 மீற்றர்தான். ஒவ்வொரு 3 மீற்றருக்கும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்குங்கள். கழற்றுமுன், படகு அமரும் மரச் சறுக்கின் பின்னால் ஆப்பு வைக்க மறக்காதீர்கள்.

ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) நேரே குற்றிமேல் ஏற்றினால் பைபர் நசுங்கும். அதனால் நடுவில் ஒரு மரச் சறுக்கு தேவை: 15 செ.மீ. சதுரத்தில், 8 மீற்றர் நீளத்தில் இரண்டு கட்டை, குறுக்கே நான்கைந்து கட்டை போல்ட் போட்டு இணைத்தது. நடுவில் ஏரா அமர வேண்டும். எடை முழுவதையும் தாங்குவது ஏராதான். பக்கத்தில் வைக்கும் மணல் மூட்டை, டயர் எல்லாம் படகு சாயாமல் இருக்க மட்டுமே. இதை மாற்றி வைத்தால் வயிற்றுப் பக்கம் உள்வாங்கும். சறுக்கின் கீழே 4 அங்குலக் கனத்த இரும்புக் குழாய் 60 செ.மீ.க்கு ஒன்றாகப் பன்னிரண்டு, பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட நான்கு. குழாய் கிடைக்காவிட்டால் நேரான, முற்றிய தென்னங்குற்றி.

மரம் மிதக்கும். சறுக்கில் இரும்பு கட்டி மூழ்கடித்து, நான்கு மூலையிலும் நீருக்கு மேலே தெரியும் கம்பு நட்டால்தான் படகை நடுவில் கொண்டுவர முடியும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: குழாய் உருளும் பலகைத் தடத்தைக் கரையோரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அணியத்தில் (படகின் முன்பக்கம்) 0.5 மீற்றர் அமிழும் படகுக்குச் சறுக்கு, குழாய், பலகை உயரம் 0.3 மீற்றர் சேர்த்தால், முன்முனையில் 0.8 மீற்றர் ஆழம் வேண்டும். 9 மீற்றர் பின்னால் அதே சாய்வில் இன்னும் 0.75 மீற்றர் இறங்கும். ஆகவே தடம் ஏறத்தாழ 1.6 மீற்றர் ஆழம்வரை, அதாவது நீர் விளிம்பிலிருந்து 19 மீற்றர், உள்ளே போக வேண்டும். குறைத்தால் அணியம் முட்டி நிற்க, பின்பக்கம் மிதந்தபடியே இருக்கும். அந்த நேரத்தில்தான் படகு நிலை இழந்து பக்கவாட்டில் சரியும். இரு பக்கமும் கரையிலிருந்து கயிறு பிடித்து ஆட்களை நிறுத்துங்கள். கப்பல்களில் பார்த்த நினைவில் யாராவது படகின் உள்ளே நின்று கட்டளையிட விரும்பினால், அன்புடன் இறக்கிவிடுங்கள்.

வற்று நேரத்தில் ஏற்றலாம் என்று வெளிநாட்டு வழிமுறைகள் சொல்லும். கொழும்பில் அமாவாசை, பௌர்ணமிக் காலத்திலும் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் முக்கால் மீற்றரைத் தொடாது. பெருக்கில் ஓரளவு உதவி கிடைக்கும், அவ்வளவுதான். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்தில் மலைநாட்டில் மழையென்றால் கங்கை ஓட்டமும் இழுக்கும். அந்த வாரம் வேண்டாம்.

கேள்வி (வத்தளை): கயிற்றை அணியத்து வளையத்தில் கட்டலாமா? நைலோன் கயிறு போதுமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. அந்த வளையம் கட்டி நிறுத்தத்தான், இழுக்க அல்ல. அகலமான பட்டையைப் பின்பக்கத்தைச் சுற்றி, சுக்கானுக்கு மேலாக, இரு பக்கமும் தாழ்வாகக் கொண்டுவந்து அணியத்துக்கு முன்னால் இணையுங்கள். சறுக்கையும் அதே இணைப்பில் கட்டுங்கள். இல்லாவிட்டால் படகு வரும், சறுக்கு தண்ணீரிலேயே கிடக்கும். நைலோன் நீளும். அறுந்தால் நீட்டிய விசையோடு திரும்பி அடிக்கும், ஆள் போகும். 16 மி.மீ. கம்பிக் கயிறும், 3.25 தொன் என்று பொறித்த 5/8 அங்குல ஷக்கிளும் (கம்பியை இணைக்கும் U வடிவ இரும்பு) போதும். கம்பிக்கு மேல் ஈரச் சாக்கு போட்டு, அதன் நேர்கோட்டில் யாரும் நிற்காதபடி பாருங்கள்.

வின்ச்சைக் கரையில் எதில் மாட்டுவது என்று கேட்கவில்லை, ஆனாலும் அதுதான் முக்கியம். தனித் தென்னையின் வேர் ஆழமாகப் போவதில்லை. 2 மீற்றர் சிலிப்பர் கட்டையை (ரயில் தண்டவாளத்தின் கீழ் போடும் கட்டை) இழுக்கும் திசைக்குக் குறுக்காக 1.5 மீற்றர் ஆழத்தில் புதைத்து, கம்பி வெளிவரச் சாய்வான வாய்க்கால் வெட்டி, மண்ணை இடித்து மூடுங்கள். உலர்ந்த மணலில் இது 3 தொன் இழுவையைத் தாங்கும். நீர் ஊறிய மண்ணில் இரண்டு கட்டை புதையுங்கள்.

கேள்வி (நீர்கொழும்பு): களப்புக் கரை சேறு. பலகை புதைகிறது.

பதில்: பாரந்தூக்கி எடுங்கள். சேற்றில் உருளையோடு மல்லாடுவதைவிட மலிவாக முடியும். ஆனால் 25 தொன் என்று எழுதிய பாரந்தூக்கி 12 மீற்றர் தள்ளி நீட்டினால் ஏறத்தாழ 5 தொன்தான் தூக்கும். ஓட்டுநரிடம் எடையையும் தூரத்தையும் சொல்லி அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். படகைத் தூக்கும் பட்டைகள் இரண்டுக்கும் நடுவே மேலே, அவற்றை விரித்துப் பிடிக்கும் ஒரு விரிகட்டை இல்லாவிட்டால் படகின் விளிம்பு நசுங்கும்.

கேள்வி (வெள்ளவத்தை): ஏற்றிய படகு ஆறு மாதம் நிற்கும். எப்படி முட்டுக்கொடுப்பது?

பதில்: ஏராவின் கீழ் ஒன்றரை மீற்றருக்கு ஒரு அடுக்குக் கட்டை. பக்கத்துக்கு மூன்று முட்டு, உள்ளே குறுக்குத் தட்டி இருக்கும் இடங்களுக்கு நேராக. எதிரெதிர் முட்டுகளைப் படகின் அடியால் சங்கிலி போட்டு இணைத்தால் காற்றிலும் விலகாது. வடிகால் மூடியைக் கழற்றி, அணியத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். மழை நீர் ஒரு கன மீற்றர் தேங்கினால் ஒரு தொன் கூடும். டெங்கு பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் எட்டிப்பார்ப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.