கேளுங்க, சொல்றன்: லைப்ரரிக் கொப்பியில உங்கட பேர்

இந்த முறை வந்த கேள்விகள்ள பாதி ஒரே விசயம்தான். எவன் எந்தப் புத்தகம் எடுக்கிறான் எண்டு ஆரோ பாக்கிறாங்களாம். அதனால சமையல், மாப்பிள்ளை, வயித்துக் கோளாறு எல்லாம் அடுத்த இதழுக்குப் போகுது, கோவிக்க வேணாம்.

கேள்வி: நான் ஒரு பிரதேச சபை லைப்ரரியில கவுண்டர்ல நிக்கிறன். போன மாதம் சிவில் உடுப்பில ரெண்டு பேர் வந்து, அரசியல் புத்தகம் எடுக்கிற ஆக்கள் ஆரார் எண்டு கேட்டாங்க. பயத்தில, ஆர் எந்தப் புத்தகம் எடுத்த எண்டு எழுதுற கொப்பியக் காட்டிட்டன். போன் எடுத்து படமும் பிடிச்சாங்க. நான் செஞ்சது பிழையா?
(பேர் வேணாம், களுவாஞ்சிக்குடிப் பக்கம்)

பதில்: பயந்தது பிழையில்ல தம்பி, நம்மட பக்கத்தில பயப்படாம வளந்தவன் ஆரு. ஆனா கொப்பியத் திருப்பி அவங்க பக்கம் வச்சீங்க பாருங்க, அதுதான் பிழை. அந்தக் கொப்பி உங்கடதும் இல்ல, வந்தவங்கடதும் இல்ல, அதில பேர் கிடக்கிற ஆக்கள்ட விசயம்.

மறுகா ஒருக்கா வந்தா கதிரையப் போட்டு இருக்கச் சொல்லுங்க, தண்ணி குடுங்க, மரியாதையாக் கதைங்க. பேர் என்ன, எந்த பொலிஸ் நிலையம், கடிதம் இருக்கா எண்டு கேட்டு ஒரு துண்டில எழுதுங்க. “எனக்கு இதக் காட்ட அதிகாரம் இல்ல சேர், சபைச் செயலாளரிட்ட எழுத்தில குடுங்க” எண்டு மட்டும் சொல்லுங்க. அவ்வளவுதான், வாதாட வேணாம். நீதிமன்றக் கட்டளையோட வந்தா குடுக்கத்தான் வேணும், ஆனா அப்பயும் கட்டளையில கேட்டதுக்கு மேல ஒரு பக்கமும் குடுக்கத் தேவையில்ல. இப்ப நடந்தத திகதி, நேரம் போட்டு எழுதி செயலாளருக்குக் குடுத்திட்டு அதிட பிரதி ஒண்ட வீட்ட வச்சுக்கங்க.

இதவிட முக்கியமான விசயம் ஒண்டு இருக்கு. இல்லாதத ஆராலயும் கேட்டு வாங்க ஏலாது. நான் கவுண்டர்ல நிண்ட காலத்தில ரெண்டு முறை பாத்திருக்கன். ஒண்டு பிரவுண் முறை: அங்கத்தவருக்கு பேர் போட்ட சின்ன மட்டைப் பை ஒண்டு குடுப்பம், புத்தகம் எடுக்கக்க பின் அட்டையில இருக்கிற, புத்தகத்திட பேர் எழுதின காட் ஒண்ட உருவி அந்தப் பைக்குள்ள சொருகி திகதி வாரியா தட்டில அடுக்குவம், புத்தகம் திரும்பி வந்தா காட் புத்தகத்துக்குள்ள போகும், பை ஆளிட்டப் போகும், அதோட கதை முடிஞ்சு. ஆர் எடுத்தது எண்டு கடவுள் வந்து கேட்டாலும் சொல்ல ஏலாது! மத்தது, புத்தகக் காட்டிலயே அங்கத்தவர் நம்பர எழுதுற முறை. அதில இருவது வருசத்து நம்பரும் வரிசையா கிடக்கும். ஒருத்தர் புத்தகமே எடுக்காம, அலுமாரிக்குப் பின்னால நிண்டு காட்டுகள மட்டும் உருவி உருவிப் பாத்திட்டுப் போவார். என்னத்துக்கு எண்டு நானும் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல.

இப்ப கொம்பியூட்டர் வந்திட்டு, எல்லாம் பாதுகாப்பு எண்டு நினைக்கிறம். உண்மையில பழைய மட்டைப் பைதான் வாய் இறுக்கமான ஆள். நம்மட நாட்டில கன லைப்ரரியில ஓடுற கோஹா மென்பொருள்ள, புத்தகம் திரும்பி வந்த உடன அந்தக் கடனுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்ப வெட்டிவிடுற வசதி இருக்கு. அத ஒருத்தர் போய்ப் போடோணும், தானா நடக்காது. உங்கட சபையில கொம்பியூட்டர் இருந்தா முதல் வேலையா அதக் கேளுங்க. கொப்பிதான் எண்டா, முடிஞ்ச கொப்பிகள எத்தனை வருசம் வச்சிருக்கிற, எப்ப அழிக்கிற எண்டு சபையில ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க. நீங்களா தனியக் கிழிச்சுப் போட்டுராதீங்க, மறுகா அரச ஆவணத்த அழிச்ச எண்டு உங்கள்ள தான் வந்து விழும்.

கேள்வி: அமெரிக்காவில லைப்ரரிக்காரங்க அரசாங்கத்துக்கு எதிரா வழக்குப் போட்டாங்களாமே, உண்மையா? நம்மட ஆக்களுக்கு அதில என்ன?
(ஒரு வாசகர், கல்முனை)

பதில்: உண்மைதான். 2001 செப்டம்பர் தாக்குதல் முடிஞ்சு ஒண்டரை மாதத்தில, ஒக்டோபர் 26ல பேட்ரியட் சட்டத்தில கையெழுத்து வச்சாங்க. அதில 215ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவை எண்டு சொல்லி லைப்ரரிப் பதிவக் கூட எடுக்க எஃப்பிஐக்கு வழி விட்டது, கேட்டதையே வெளிய சொல்லக் கூடாது எண்டு வாய்ப்பூட்டும் சேத்து. அந்தப் பிரிவு 2020 மார்ச்லதான் காலாவதியானது.

வழக்கு வந்தது அதுக்குப் பக்கத்தில இருக்கிற இன்னொரு அதிகாரத்தால. தேசியப் பாதுகாப்புக் கடிதம் எண்டு பேர், நீதவான்ட கையெழுத்தே தேவையில்ல. 2005ல கனெக்டிகட் மாநிலத்தில, கன லைப்ரரிகளுக்குப் பொதுவா கொம்பியூட்டர் சேவை செய்யிற ஒரு அமைப்புக்கு அப்பிடி ஒண்டு வந்தது. அங்க பொறுப்பா இருந்த நாலு லைப்ரரியன்மார் குடுக்க மாட்டம் எண்டு கோட்டுக்குப் போனாங்க. வாய்ப்பூட்டு இருந்ததால சொந்தப் பேர்ல வழக்குப் போட ஏலாம “ஜோன் டோ” எண்டு, பேர் சொல்லாத ஆளுக்கு அங்க வைக்கிற பொய்ப் பேர்ல போட்டாங்க. 2006 மார்ச்ல பேட்ரியட் சட்டத்தப் புதுப்பிக்கக்க, அதால நேரடியா அடி வாங்கின இந்த நாலு பேரும் வாய் திறக்க ஏலாம இருந்தாங்க. சட்டம் புதுப்பிச்சு முடிஞ்ச பிறகு, அந்த வருசம் நடுப்பகுதியிலதான் பூட்டத் திறந்து கடிதத்தையும் கைவிட்டாங்க. எனக்கு இதில எரியிறது அந்த நேரக் கணக்குத்தான்.

நம்மளுக்கு என்னண்டா, அவங்களுக்குப் பின்னால ஒரு தொழில் ஒழுக்கம் இருந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939லயே, வாசகர்ட தனிப்பட்ட விசயம் இரகசியம் எண்டு ஒழுக்கக் கோவையில எழுதி வச்சிட்டு. உலக அளவில நூலகச் சங்கங்கள்ட கூட்டமைப்பான இஃப்லாவும் 2015ல அந்தரங்கம் பத்தி தனி அறிக்கை விட்டிருக்கு. நம்மட கவுண்டர்ல நிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஆரும் சொல்லிக் குடுத்ததா? முதல் கேள்வி கேட்ட தம்பியப் பாருங்க.

கேள்வி: ஒளிக்க ஒண்டும் இல்லாதவனுக்கு என்ன பயம்? பாக்கிறவன் பாத்திட்டுப் போகட்டுமே.
(ஒரு ராத்தா, சம்மாந்துறை)

பதில்: ராத்தா, கோவிக்காதீங்க, நானும் ஒருக்கா இப்பிடித்தான் சொல்லித் திரிஞ்சன். 90ல ஆமி சுற்றிவளைப்புக் காலத்தில எங்கட வாப்பா மாதிரி இருந்த பக்கத்து வீட்டு மாஸ்டர், தன்ட புத்தகங்கள உரப்பையில கட்டி தென்னைக்குக் கீழ தாட்டார். அதில ஒண்டும் தடை செஞ்ச புத்தகம் இல்ல. செக் பண்ண வாறவனுக்கு தமிழ் வாசிக்கத் தெரியாது, அட்டைப் படத்தப் பாத்துத்தான் முடிவெடுப்பான் எண்டதுதான் பயம். மழை முடிஞ்சு தோண்டினா கறையான் தின்ட மண் கட்டிதான் வந்தது.

அது பழைய கதை எண்டு வைங்க. மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம, அவர்ட தமிழ்க் கவிதைத் தொகுதியக் காரணம் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சாங்க. பிணை கிடைச்சது 2021 டிசம்பர்ல, குற்றமில்ல எண்டு கோட் விட்டது 2023 டிசம்பர்ல. எழுதினவருக்கே இப்பிடி எண்டா, அதக் கடன் எடுத்தவன்ட பேர் கொப்பியில கிடந்தா, அதப் பாக்கிறவன் என்ன நினைப்பான்?

அரசாங்கத்த விடுங்க. விவாகரத்துச் சட்டமோ, மன அழுத்தமோ, ஒரு நோய் வருத்தத்தப் பத்தியோ ஒரு பொம்புளப் பிள்ளை புத்தகம் எடுத்தா அது சந்தைக்குப் போக எவ்வளவு நேரம் செல்லும் எண்டு நம்மட ஊர்ல இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

கேள்வி: சட்டம் ஒண்டும் நமக்கு இல்லையா?
(மாணவி, வந்தாறுமூலை)

பதில்: இருக்கு, அரையும் குறையுமா. அரசியலமைப்பில அந்தரங்கத்துக்குத் தனி அடிப்படை உரிமை எண்டு ஒண்டு எழுதல்ல மகள். 10ஆம் உறுப்புரையில சிந்தனைச் சுதந்திரம் இருக்கு. 2022ல 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆனா முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர வச்ச திகதிய 2025 மார்ச்ல தள்ளி வச்சிட்டாங்க. கையில உடன இருக்கிறது 2016ட தகவல் உரிமைச் சட்டம்தான். “வாசகர் பதிவ எத்தனை வருசம் வச்சிருக்கீங்க, ஆருக்குக் குடுத்தீங்க” எண்டு உங்கட சபைக்கு எழுதிக் கேளுங்க, 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். ஆள்கள்ட பேரக் கேக்காதீங்க, அது தனிப்பட்ட தகவல் எண்டு மறுக்கலாம், மறுக்கவும் வேணும்.

கேள்வி: லைப்ரரி கொம்பியூட்டர்ல இன்கொக்னிட்டோ போட்டுத் தேடினா ஒண்டும் தெரியாதுதானே?
(அதே மாணவி)

பதில்: அந்த மெசின்ல ஹிஸ்டரி நிக்காது, அவ்வளவுதான். நீங்க எந்தத் தளத்துக்குப் போனீங்க எண்டு லைப்ரரி நெட்வேர்க்குக்கும் லைன் குடுக்கிற கம்பனிக்கும் தெரியலாம். அதவிட, எழும்பிப் போகக்க வட்ஸ்அப் வெப்ப லொக் அவுட் பண்ணாமப் போற பிள்ளைகள்தான் கூட. போன கிழமை ஒரு லைப்ரரியில கீபோட்டத் தொட்டன், ஆரோ ஒருத்தர்ட குடும்பச் சண்டை முழுக்க திரையில கிடந்தது. நான் மூடிட்டன். அடுத்தாள் மூடி இருப்பாரோ தெரியா.