கண்மாய்க் கரைக்கு எந்த கேமரா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, நான் மேலூர். ஞாயித்துக்கிழமை ஆனா அரிட்டாபட்டி மலைப்பக்கம் போயிருவேன், இப்ப வரைக்கும் போன்லதான் படம், எந்தப் பறவையும் புள்ளி மாதிரிதான் விழுது. கையில அறுபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். மதுரையில ஒரு கடையில பெரிய ஜூம் கேமரா புதுசு 59,000ங்கறாங்க, பில் வேணாம்னா 55,000த்துக்கே தர்றாங்களாம். கூட்டாளி என்னடான்னா லென்ஸ மாத்தி மாட்டிக்கற பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் லென்ஸும் வாங்குடாங்கறான். எதை வாங்க?

பதில்: தம்பி, முதல்ல அந்த பில் கதைய முடிச்சிருவோம். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18%. அப்ப 59,000ல பொருள் 50,000, வரி 9,000. உங்களுக்கு விட்டுக்குடுக்கறது 4,000, மிச்சம் 5,000 எங்கிட்டுப் போகுதுன்னு நீங்களே பாத்துக்கங்க. பில் இல்லேன்னா நாளைக்கு ரிப்பேர்னு போய் நின்னா அந்தக் கடையில வாங்குனதுக்கே சாட்சி கிடையாது. அதோட பெட்டிய ஒருக்கா திருப்பிப் பாருங்க, இந்திய இறக்குமதியாளர் பேரு, விலாசம், எம்ஆர்பி, தயாரிச்ச இல்லேன்னா இறக்குமதியான மாசம் வருஷம் எல்லாம் அச்சடிச்சோ ஒட்டியோ இருக்கணும். அது இல்லாத பீஸ்னா கள்ள வழியில வந்த சரக்குன்னு சந்தேகப்படலாம், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வாரண்டின்னு வாயத் தொறக்க முடியாது.

இப்ப எதுன்னு கேட்டீங்கல்ல. அரிட்டாபட்டியில எல்லாரும் தேடிப் போறது வல்லூறும் பொனெல்லி கழுகும், அதுக உக்கார்றது உச்சிப்பாறையில. அவ்ளோ தூரத்த இழுத்துக் காட்ட ஜூம் கேமராதான் லேசு, நிக்கான் பி950 மாதிரி ஒண்ணு 2000 எம்எம் வரைக்கும் போகும், எடையும் ஒரு கிலோதான். ஆனா உள்ள படம் பதியற சென்சார் சுண்டுவிரல் நகத்த விடச் சின்னது. சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சார் அதைப்போல சுமார் பன்னெண்டு மடங்கு பரப்பு. அதனால வெளிச்சம் நல்லா இருக்கறப்ப ஜூம் கேமரா அழகா எடுக்கும், விடியக்காலையிலயும் பொழுது சாயுறப்பவும் படம் மணல் அள்ளி எறிஞ்ச மாதிரி ஆயிரும், பறவைகளோ அந்த ரெண்டு நேரத்துலதான் நல்லா நடமாடும். பறக்கறத எடுக்க 1/2000 செகண்டாவது ஷட்டர் வேகம் வேணும், ஜூம் கேமராவுல அதுக்கு வெளிச்சமும் பத்தாது, அம்புட்டு ஜூம்ல பறவையக் கட்டத்துக்குள்ள பிடிக்கறதும் பாடு.

நானா இருந்தா கூட்டாளி பேச்சத்தான் கேப்பேன். பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, கொஞ்சமா செலவழிச்சு மிச்சத்த லென்ஸ்ல போடுங்க. பாடி ரெண்டு வருஷத்துல பழசாயிரும், நல்ல லென்ஸ் பத்து வருஷம் உழைக்கும். ஆனா பழசு வாங்கறப்ப கண்ணத் தொறந்து வச்சுக்கணும். நிக்கான்ல சாதாரண டிஎஸ்எல்ஆருக்கான 70-300 ஏஎஃப்-பி டிஎக்ஸ் லென்ஸ் ரெண்டு மாதிரி வருது, ஒண்ணுல விஆர், அதாவது கை ஆட்டத்த அடக்கற வசதி உண்டு, இன்னொண்ணுல கிடையாது, வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், விஆர் இல்லாதத அதே விலைக்குத் தள்ளிவிடப் பாப்பாங்க. இன்னொரு கூத்து, இந்த ஏஎஃப்-பி லென்ஸ டி90, டி5000 மாதிரி பழைய பாடியில மாட்டுனா ஃபோகஸே ஆகாது. அதனால முதல்ல பாடிய வாங்கிட்டு, அதக் கையோட கொண்டு போயி மாட்டிப் பாத்துட்டுத்தான் காசக் குடுக்கணும்.

கேள்வி: அண்ணா, 150-600 லென்ஸ் புதுசா வாங்கி பன்னெண்டு நாள்தான் ஆச்சு. சாமநத்தம் கண்மாய்க்குக் கொண்டு போயி பகல் பதினோரு மணிக்கு எடுத்த அத்தனை படமும் மங்கல். கடைக்குப் போனா பில்லுல இருக்கற "விற்ற பொருள் வாபஸ் பெறப்படாது"ங்கற வரியக் காட்டுறாங்க. என்ன செய்யறது?

பதில்: சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்கம்மா. பகல் பதினோரு மணிக்கு கண்மாய்க்கு அங்கிட்டுக் கரையில நிக்கிற நாரைய எடுத்தா எவ்ளோ பெரிய லென்ஸா இருந்தாலும் மங்கல்தான். தரை சூடாகி காத்து அலையலையா நெளியும், தார் ரோட்டுல கானல் தெரியுமே அதேதான், லென்ஸ் பெருசாக பெருசாக அந்த நெளிவும் பெருசாத் தெரியும். பங்குனி, சித்திரையில எல்லாம் காலை ஒம்பது மணிக்கு மேல நான் தூரத்துப் பறவைக்கு கேமராவத் தூக்கறதே இல்ல. அதனால காலையில ஆறரை மணிக்கு, இருபதடி தூரத்துல ஒரு செங்கச் சுவத்தயோ பேப்பர்ல இருக்கற எழுத்தயோ ஆடாம வச்சு பத்து படம் எடுங்க. தெளிவா இருந்துச்சுன்னா லென்ஸ் மேல குத்தம் இல்ல.

அதுவும் மங்கல்னா அந்த வரியப் பாத்து பயப்பட வேணாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல, குறையுள்ள பொருள பில்லுல சொன்ன கெடுவுக்குள்ளயும், கெடு எதுவும் போடலேன்னா முப்பது நாளுக்குள்ளயும் திரும்ப எடுக்க மாட்டேன்னா அது முறையற்ற வணிகம்னே இருக்கு. சோதனைப் படங்களோட கடைக்கு எழுத்துல குடுங்க, நகல் வச்சுக்கங்க. மசியலேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன். அதுக்கும் அசையலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷம் வரைக்கும் நேரம் இருக்கு. நேர்ல போயி கவுன்டர்ல கத்திட்டு வர்றத மட்டும் செய்யாதீங்க, அதுக்கு ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: ஐப்பசி அடைமழை முடிஞ்சு லென்ஸ எடுத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி இருக்கு. அரிசி டப்பாவுல போட்டா சரியாகும்கறாங்களே சார்?

பதில்: அது பூஞ்சை. அரிசி வேணவே வேணாம், ஈரத்த எடுக்கறத விட தவிட்டுத் தூசியத்தான் லென்ஸ் மேல ஏத்தும். வெயில்ல காட்டுனா வளர்றது நிக்கலாம், கண்ணாடிப் பூச்ச அரிச்ச தடம் போகாது. ஓரத்துல லேசா இருந்தா நல்ல மெக்கானிக் பிரிச்சுத் துடைச்சுத் தருவாரு, செலவு லென்ஸ் விலையில பாதியத் தாண்டுச்சுன்னா விட்டுருங்க.

நானே இதுல அடிபட்டவன். தோல் உறையில போட்டு பீரோவுல துணிக்கு நடுவுல வச்சுப் பூட்டுனேன், ரொம்ப பத்திரமாம்! கார்த்திகையில தொறந்தா உள்ள வெள்ளை நூல் நூலா. தோலும் துணியும் ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், இருட்டு வேற. இப்ப ரப்பர் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு. 40லேர்ந்து 50% வரைக்கும் இருக்கட்டும், 30க்குக் கீழ ரொம்ப வறண்டாலும் லென்ஸ்ல இருக்கற ரப்பருக்கு நல்லதில்ல. ஜெல் நிறம் மாறுனா வறுத்து மறுபடி போட்டுக்கலாம், ஆனா சமைக்கிற சட்டியில வேணாம். நாலஞ்சு லென்ஸ் இருக்கறவங்க கரண்ட்ல ஓடுற டிரை கேபினட் வாங்கலாம், ஒரே ஒரு லென்ஸுக்கு அது தண்டம்.

மேலூர் தம்பியும் இதக் கேட்டுக்கங்க, பழைய லென்ஸ் வாங்கப் போறப்ப டார்ச்ச மறக்காம எடுத்துட்டுப் போங்க. ஒரு பக்கத்துலேர்ந்து வெளிச்சம் அடிச்சு இன்னொரு பக்கம் சாய்ச்சுப் பாத்தா பூஞ்சை நூல் நூலாத் தெரியும். டார்ச் அடிக்கக்கூடாதுன்னு ஒருத்தர் சொன்னா அவர்ட்ட வாங்காதீங்க.

கேள்வி: கேமராவ நிறுத்தற முக்காலி, டிரைபாட் வாங்கியே ஆகணுமா?

பதில்: கண்மாய்க்குப் போறதுக்கு வேணாம். பழைய ஜீன்ஸ் கால ஒரு முழம் வெட்டி ஒரு பக்கம் தச்சு, ரெண்டு கிலோ கேப்பையக் கொட்டி அடுத்த பக்கமும் தச்சுருங்க. கலுங்குச் சுவர் மேல வச்சு லென்ஸ அதுல சாய்ச்சா ஆடாம நிக்கும், கேப்பை விலையோட வேலை முடிஞ்சுது. எலி பாக்காத இடமா பாத்து வைங்க, எனக்கு ரெண்டு போயிருச்சு.