கனடா ரோடு

அன்புள்ள ஐயா,

பிப்ரவரி 15 வந்தாலே எங்கள் வீட்டில் 1942இல் ஜப்பானிடம் சிங்கப்பூர் விழுந்த பேச்சுதான். 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனியை அவ்வளவு நெருக்காமல் இருந்திருந்தால் இரண்டாம் உலகப்போரே வந்திருக்காது, நாமும் தப்பியிருப்போம் என்கிறார் என் மாமனார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஈசூன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாமனார் சொல்வது பாதி சரி. 1921இல் போர் இழப்பீடாக ஜெர்மனியின் தலையில் கட்டியது 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடி வசூலாகாது என்பது சுமத்திய நாடுகளுக்கே தெரியும். சொந்த ஊர் வாக்காளர்களின் வாயை அடைக்க எழுதிய கணக்கு அது. சரி, அதை விடுங்கள். நம் ஊர் விழுந்த கதைக்கு ஜப்பான் பக்கம் பார்க்க வேண்டும்.

1915 பிப்ரவரி 15 அன்று இங்கே இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அடக்க உதவிக்கு வந்தவர்களில் ஜப்பானியக் கடற்படையினரும் உண்டு. 1902 முதல் பிரிட்டனும் ஜப்பானும் கூட்டாளிகள். 27 ஆண்டு கழித்து, அதே தேதியில், அந்தக் கூட்டாளியிடம்தான் பிரிட்டன் சரணடைந்தது.

1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் ஜப்பான் கேட்டது ஒரே ஒரு வரி: நாடுகள் சங்கத்தின் (ஐ.நா.வின் முன்னோடி) சாசனத்தில் இனச் சமத்துவம். 17 வாக்கில் 11 ஆதரவு. தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன், ஒருமனதாக இல்லை என்று தள்ளிவிட்டார். முழுமூச்சாக நின்று எதிர்த்தவர் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ். (கொரியாவை மிதித்துக்கொண்டே ஜப்பான் சமத்துவம் பேசலாமா என்பீர்கள். அந்த மேசையில் யாருக்குத்தான் அந்த யோக்கியதை இருந்தது?)

1921 கோடையில் லண்டனில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் மாநாடு. வேடிக்கை பாருங்கள், அதே ஹியூஸ் இப்போது ஜப்பான் கூட்டணி வேண்டும் என்று வாதாடுகிறார். பக்கத்தில் இருப்பவரல்லவா, பயம். வேண்டாம் என்றவர் கனடாப் பிரதமர் மீகன். அமெரிக்கா கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கவலை. அந்த டிசம்பரில் வாஷிங்டனில் கூட்டணிக்குப் பதில் நான்கு நாட்டு ஒப்பந்தம் வந்தது. தகராறு வந்தால் கூடிப் பேசுவோம் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. இதில் இன்னொன்று: சிங்கப்பூரில் கடற்படைத் தளம் கட்ட பிரிட்டிஷ் அமைச்சரவை ஒப்புக்கொண்டதும் 1921 ஜூனில்தான். நட்பை முறிக்கும் முன்பே வேலி போட ஆள் பார்த்தாயிற்று.

கூட்டணியை அறுக்காமல் அமெரிக்காவையும் அதற்குள் இழுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். டோக்கியோவில் பிரிட்டன் பக்கம் சாய்ந்தவர்களுக்குத் தங்கள் ராணுவத்திடம் பேச ஒரு பிடி இருந்திருக்கும். அதனால் 1931இல் ஜப்பான் ராணுவம் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அந்த ராணுவம் சொந்த அரசாங்கத்தின் பேச்சையே கேட்காதது.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு மாமனாரை ஈசூன் பாலசுப்ரமணியர் கோயிலுக்கு அழைத்துப் போவீர்கள்தானே? கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் வளர்த்த கோயில் அது. அப்படியே வண்டியைச் செம்பவாங் பக்கம் திருப்புங்கள். பழைய தளத்தின் கறுப்பு வெள்ளை வீடுகளுக்கு நடுவே பச்சைப் பலகையில் எழுதியிருக்கும்: கனடா ரோடு. ஜப்பானோடு கூட்டு வேண்டாம் என்ற நாட்டின் பெயர், கூட்டு முறிந்தால் தேவைப்படும் என்று முன்பே முடிவெடுத்த தளத்துக்குள். மாமனார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.