மீன் ஒரு பட்டியலில், தண்ணீர் ஒரு பட்டியலில்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ராமநாதபுரத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடுகள் எழுதிக் கொடுத்த அதிகாரம்தான் மேலே இருக்கிறது, நம் மாநிலங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்றீர்கள். நான் சட்டம் படிக்கிறேன். கடல்மீன் வளத்தைப் பாதுகாப்பது முழுக்க ஒன்றியத்தின் அதிகாரம், அயர்லாந்து தன்னிஷ்டத்துக்கு அதில் சட்டம் போட முடியாது என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. நம் அரசியலமைப்பிலோ மீன்வளம் மாநிலப் பட்டியலில் வருகிறது. அப்படியானால் மீன் விஷயத்தில் அயர்லாந்தைவிடத் தமிழ்நாட்டுக்குத்தானே அதிகாரம் கூடுதல்? அப்பா போட்டுக்கு, அதாவது விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அவரிடம் கேட்டேன். "இன்னைக்கு டோக்கன் உண்டா இல்லையா, அதை மொதல்ல பாரு" என்றார். கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கும் அனுமதிச் சீட்டைத்தான் டோக்கன் என்கிறார்.

பெயர் போட வேண்டாம்.
மண்டபத்திலிருந்து ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு மீனைப் பற்றிப் பேசாமல் விட்டது தற்செயல் இல்லை. மீன் உள்ளே வந்தால் என் பேச்சு ஆட்டம் கண்டுவிடும் என்று உள்ளூரத் தெரியும்.

முதலில் ஒன்று. நமக்கு டெல்லியும் ஒன்றியம், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸும் ஒன்றியம், மண்டபம் பஞ்சாயத்து யூனியனும் ஒன்றியம். குழப்பம் வேண்டாம், ஊர்ப் பெயரை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் பாடம் சரி. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் எது யாருக்கு என்று பிரித்து எழுதியது. சுங்கம், யூரோ நாணயக் கொள்கை போன்றவற்றோடு கடல் உயிர்வளப் பாதுகாப்பும் பிரஸ்ஸல்ஸுக்கு மட்டுமே போனது. கீழே முடிகிற வேலையை மேலே தூக்கிக்கொண்டு போகாதே என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும் விதி, இப்படி முழுசாகக் கொடுத்துவிட்ட விஷயங்களுக்குப் பொருந்தாது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் உள்ளூர்ப் படகுகளுக்கே இடம் என்று ஒரு நாடு ஒதுக்கிக்கொள்ளலாம். அதுவும் பிரஸ்ஸல்ஸ் விதி அனுமதித்த அளவில்தான்.

இதில் பிரிட்டன் பட்ட பாடு தனிக்கதை. ஸ்பெயின் முதலாளிகள் படகுகளைப் பிரிட்டனில் பதிவு செய்து, பிரிட்டனுக்கு ஒதுக்கிய மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் பினாமி பேரில் படகு வாங்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1988இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. அது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று ஃபாக்டர்டேம் என்ற கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. பாராளுமன்றத்துக்கு மேலே எதுவும் இல்லை என்று காலங்காலமாகச் சொல்லிவந்த நாட்டில், 1990இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகளே அந்தச் சட்டத்தை நிறுத்திவைத்தார்கள். எல்லாம் மீனுக்காக.

சரி, நம் பக்கம் வருவோம். ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல் 21ஆம் இனம் மீன்வளம். ஆனால் டெல்லியின் பட்டியலில் 57ஆம் இனத்தையும் பாருங்கள்: எல்லைக்கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு. அதாவது 12 கடல் மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை சென்னை. அதைத் தாண்டினால் டெல்லி. கடலூர்க்காரருக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். நமக்கு? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலே சுமார் 30 கிலோமீட்டர்தான். 12 மைல் ஓடி முடிப்பதற்குள் இலங்கைக் கடல் வந்துவிடும். அந்த இடத்தில் 57ஆம் இனத்துக்கு வேலையே இல்லை.

நம் கடலை அளந்தவை அதே பட்டியலின் 10ஆம் 14ஆம் இனங்கள்: வெளியுறவும் ஒப்பந்தமும். 1974இலும் 1976இலும் டெல்லியும் கொழும்பும் உட்கார்ந்து கோடு போட்டன, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. மீன் நம் பட்டியலில் இருந்தது, அது நீந்திய தண்ணீர் இன்னொரு பட்டியலில் இருந்தது. சட்டமன்றத்தில் பல முறை தீர்மானம் போட்டாயிற்று, 2025 ஏப்ரலில்கூட.

அயர்லாந்தும் பிரிட்டனோடு மீன் ஒப்பந்தம் தனியாகப் போட முடியாது, அதையும் பிரஸ்ஸல்ஸ்தான் பேசுகிறது. ஆனால் வருஷா வருஷம் டிசம்பரில் எந்த மீன் எத்தனை டன் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அயர்லாந்து அமைச்சருக்கு நாற்காலி உண்டு, ஓட்டு உண்டு. தோற்கலாம், தோற்றிருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒரேயடியாகக் கிளம்பவும் வழி இருக்கிறது, 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் கிளம்பிய மாதிரி. நம் அதிகாரிகளைப் பேச்சுவார்த்தைக்குக் கூட்டிப்போவது உண்டு. இந்த ஒப்பந்தம் கூடாது என்று சென்னை கையைத் தூக்க அரசியலமைப்பில் இடமில்லை. எந்தப் பட்டியலிலும் எழுதாத அதிகாரம்கூட, 248ஆம் பிரிவின்படி டெல்லிக்கே. அங்கே எழுதாததெல்லாம் நாடுகளிடமே இருக்கிறது. மேடையில் நான் சொல்ல வந்தது இதைத்தான், அரைகுறையாகச் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் போட்டு அணியத்தில், அதாவது முன்பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். முதலில் ஐஎன்டி, அது இந்தியா. அப்புறம் டிஎன், அது தமிழ்நாடு. காற்று பலமென்றால் டோக்கனை நிறுத்துவது அந்த டிஎன். கோட்டுக்குப் பக்கத்தில் படகு பிடிபட்டால் எதிர்த்தரப்போடு பேசுவது ஐஎன்டி மட்டும். அப்போது டிஎன் டெல்லிக்குக் கடிதம் எழுதும்.

இன்னொன்று. போட்டுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று வாரத்தையே பிரித்துக் கடலுக்குப் போகிறோமே, அந்த ஏற்பாடு பற்றி அப்பாவிடம் விசாரித்து எழுதுங்கள். பரீட்சை முடிந்த பிறகு போதும்.