உமி, கடலைத் தோல் போட்டால் கழிவுநீரிலுள்ள நச்சு உலோகங்கள் உண்மையிலேயே நீங்குமா? புராஜெக்டுக்கு எடுக்கலாமா?

நீங்கும், எடுக்கலாம். இதோடு முடித்திருப்பேன், இந்தத் தலைப்பில் எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் இல்லாமல் இருந்தால்.

நீங்கள் முதுகலை மாணவர், கையில் ஒரு செமஸ்டர்தான் மிச்சம், கைடு "ஏதாவது ஒரு தோலை எடுத்துப் பொடி பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உமி, கரும்புச் சக்கை, கடலைத் தோல் எல்லாவற்றிலும் செல்லுலோஸும் லிக்னினும் இருக்கின்றன. அவற்றிலுள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் ஈயம், காட்மியம், தாமிரம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, தம்மிடமிருந்த கால்சியத்தையோ ஹைட்ரஜனையோ நீரில் விட்டுவிடும். பி.எச் 2, 3 என்றால், அதாவது நீர் நல்ல அமிலமாக இருந்தால், ஹைட்ரஜன் அயனிகளே இடத்தை அடைத்துக்கொள்ளும். 5 பக்கம் நன்றாக ஒட்டும். 7-ஐத் தாண்டினால் ஈயமும் தாமிரமும் ஹைட்ராக்சைடாகித் தானாகவே வண்டலாக விழும். அதையும் உமியின் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. பொடி போடாத குடுவை ஒன்றையும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

இனி என் கதை. நான் ஒரு பல்கலைக்கழகக் கருவிக்கூடத்தில் ஏஏஎஸ், அதாவது நீரில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஓர் ஆராய்ச்சி மாணவி கடலைத் தோல் பொடியால் குரோமியத்தை நீக்கும் ஆய்வைச் செய்துகொண்டிருந்தார். ஆறு இணைதிறக் குரோமியம் நீரில் குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கும். அதனால் இதற்கு மட்டும் கதை தலைகீழ், பி.எச் 2 பக்கம்தான் நன்றாகக் குறையும். ஆறு இணைதிறக் குரோமியத்தோடு ஊதா நிறம் தரும் டைஃபினைல்கார்பசைடை விட்டு, அந்த நிறத்தை 540 நானோமீட்டரில் அளந்தார். தொடக்கக் கரைசல் அடர் ஊதா. பொடியோடு குலுக்கி வடிகட்டியதில் ஊதாவின் சாயலே இல்லை. கைடு அன்றைக்கே கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்.

ஒப்புக்கு என்னிடமும் ஒரு குப்பி வடிநீர் வந்தது. ஏஏஎஸ்ஸில் உறிஞ்சவிட்டால், போட்ட குரோமியத்தில் பாதிக்கு மேல் நீரிலேயே இருக்கிறது! மர்மம் ஒன்றுமில்லை. அமிலத்தில் தோலிலுள்ள கரிமப் பொருள் ஆறு இணைதிறனை மூன்றாக ஒடுக்கிவிட்டது. மூன்று அந்த பி.எச்சில் சரியாக ஒட்டாது, டைஃபினைல்கார்பசைடோடு நிறமும் தராது. ஏஏஎஸ்ஸுக்கு ஆறும் ஒன்றுதான், மூன்றும் ஒன்றுதான், மொத்தத்தைக் காட்டிவிடும்.

கைடு "உங்க மெஷின்ல கேலிப்ரேஷன் சரியில்லை" என்றார். அவர் கண்ணெதிரிலேயே ஸ்டாண்டர்டுகளை மறுபடி ஓட்டினேன். அதே எண். கட்டுரை அந்த எண் இல்லாமலேயே வெளிவந்தது. இத்தனைக்கும் மூன்று இணைதிறன் நச்சில் மிகக் குறைவு, பிறகு சுண்ணாம்பு போட்டால் வண்டலாகிவிடும். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலே நல்ல கட்டுரை.

நன்றியுரையில் துறைத்தலைவர் முதல் வீட்டார் வரை எல்லோருக்கும் இடமிருந்தது. அசிட்டிலீன் சிலிண்டர் மாற்றி, பர்னர் அடைப்பை எடுத்து, ராத்திரி வரை உட்கார்ந்து சாம்பிள் ஓட்டிக் கொடுக்கிறவனுக்கு எந்த ஆய்வேட்டிலும் அரை வரி கிடையாது. மெஷின் நின்றால் மட்டும் அவன் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

"அப்போ இந்தத் துறையே பித்தலாட்டமா?" என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கு அடங்காத குறைந்த செறிவில், கடைசிக் கட்டச் சுத்திகரிப்புக்கு இது நல்ல வழி. எனக்கு ஆகாதது சதவீதம்தான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஈயத்தில் 95 சதவீதம் நீக்கினால் 2.5 மில்லிகிராம் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு 0.01. கழிவுநீருக்குக் குடிநீர் வரம்பு பொருந்தாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த 2.5-ஐ யாரும் சுருக்கத்தில் எழுதுவதில்லை. அதுவும் வாலைவடிநீரில் ஈய நைட்ரேட்டைக் கரைத்துச் செய்த கரைசலில் கிடைத்த 95. நிஜக் கழிவுநீரில் கால்சியமும் எண்ணெயும் இருக்கும், சில ஆலை நீரில் உலோகத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும் ஈடிடிஏவும் இருக்கும். அங்கே எண் இறங்கும். இறங்கினால் இறங்கியதையே எழுதுங்கள்.

முதன்முறை என்றால் குரோமியத்தை விட்டுவிட்டு ஈயமோ காட்மியமோ எடுங்கள். குரோமியம்தான் என்று கைடு பிடிவாதம் பிடித்தால் மொத்தக் குரோமியத்தையும் சேர்த்து அளக்காமல் ஒரு வரி எழுதாதீர்கள். பொடியை நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். பச்சையாகப் போட்டால் பழுப்புச் சாயம் இறங்கி நீரின் கரிமச் சுமை கூடிவிடும்.

உலோகம் ஏறிய பொடியை என்ன செய்வது என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். "எரித்துவிடலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், காட்மியம் புகையோடு கிளம்பிவிடும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் உலோகத்தின் பெரும்பகுதி இறங்கும், பொடியை மறுபடி பயன்படுத்தலாம். அந்த அமிலத்தில் இருப்பது அதே உலோகம்தான், கொஞ்சம் நீரில் செறிவாக. அதை மீட்கவோ வண்டலாக்கிப் பாதுகாப்பாகப் புதைக்கவோ ஒரு வழியை ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள்.